பின்வாசல் தாழ்ப்பாள்

செப். 5, சனி

காலையிலேயே சுள்ளென்று வெயில். சாயங்காலம் மேகம் கூடிக் கலைந்தது. மழை இல்லை. நல்லதுதான். மழை பெய்தால் காயப்போட்ட பட்டாசுச் சரக்கு போச்சு, எங்களுக்கும் வேலை போச்சு.

இந்த டைரி தங்கச்சி கொடுத்தது. அவள் வேலை பார்க்கும் பைண்டிங் கம்பெனியில் தலைகீழாகத் தைத்துக் கழித்துப் போட்டது. போன வருடத்துக் கிழமைகள். அடித்துவிட்டு நானே எழுதிக்கொள்கிறேன். கலெக்டரா வந்து படிக்கப் போகிறார்.

செய்ய வேண்டியவை: மாவு அரைக்கணும். மகள் மகாவின் யூனிபார்முக்கு ஊக்கு. கேஸ் சிலிண்டர் பதியணும். பின்கதவு.

பின்கதவுத் தாழ்ப்பாள் இன்று கையோடு வந்துவிட்டது. ஆணி, அதோடு ஒரு கை மரத்தூள். கதவு நிலை முழுக்கக் கரையான். வெளியிலிருந்து ஒரு தள்ளு தள்ளினால் திறந்துகொள்ளும். பின்னால் பாத்ரூம், அதற்கப்பால் சீமைக்கருவேலங்காடு. நடுவில் ஒரு சுவர்கூட இல்லை.

தங்கப்பாண்டி அண்ணாச்சிக்குப் போன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. இவர்தான் இந்த வீட்டைப் பிடித்துக்கொடுத்த புரோக்கர். ஓனர் கோயம்புத்தூரில் இருக்கிறாராம். முகம் பார்த்ததில்லை, நம்பரும் கிடையாது. "எதுன்னாலும் எங்கிட்டச் சொல்லுங்க, நான் இருக்கேன்ல" என்று சாவி கொடுத்த அன்று அண்ணாச்சி நெஞ்சில் தட்டிக்கொண்டார். இருக்கிறார்தான். ஒண்ணாம் தேதி வாடகைக்கு நான் பல் தேய்க்கும் முன்னே வாசலில் இருக்கிறார்.

மகா அப்பா லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் போயிருக்கிறார். தீபாவளி சீசனில் லாரிதான் அவருக்கு வீடு.

செப். 7, திங்கள்

வீட்டுக்குள் எவனோ வந்துபோயிருக்கிறான்.

மகா ஸ்கூல் விட்டு வந்து பார்த்தால் பின்கதவு ஆவென்று திறந்து கிடந்ததாம். குடத்துத் தண்ணீரை மோந்து குடித்துவிட்டுச் சொம்பை அடுப்பு மேலேயே வைத்திருக்கிறான். எங்கள் வீட்டில் சொம்பை யாரும் கவிழ்க்காமல் போக மாட்டார்கள். பிள்ளை அதைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டு ஓடியிருக்கிறாள். எதிர்வீட்டுப் பாப்பாத்தி அக்காவிடம் போய் உட்கார்ந்துவிட்டாள். கம்பெனி வேன் என்னை இறக்கிவிட்டபோதும் அங்கேதான் இருந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

போனது: மகாவின் கொலுசு. சோப்பு டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்திருந்தது. பக்கத்திலேயே ரேடியோ, குக்கர், என் பட்டுச்சேலை. எதையும் தொடவில்லை. பிள்ளையின் கொலுசை மட்டும் எதற்கு எடுத்தான்.

மகா பத்தாம் வகுப்பு. நாலரைக்கு வருவாள். எனக்கு வேன் வர ஆறரை ஆகும், சீசனில் ஏழு. அந்த இடைவெளியில் அவள் தனியாகத்தான் இருக்கணும். இவ்வளவு நாளும் அதை ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

அண்ணாச்சி போன் எடுக்கவில்லை. வாட்ஸப்பில் பேசி அனுப்பினேன். "அண்ணாச்சி, நான் மாரீஸ்வரி. வீட்டுக்குள்ள திருடன் வந்துட்டுப் போயிட்டான். வயசுப் பிள்ளைய வச்சிருக்கேன். அந்தப் பின்கதவ ஒரு பய தொறக்க முடியாதபடி பண்ணிக் குடுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

இரண்டு டிக் விழுந்தது. நீலமும் ஆனது. அவ்வளவுதான்.

செப். 8, செவ்வாய்

மேகமூட்டம். கண் எரிச்சல். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

அண்ணாச்சி கூப்பிட்டிருக்கிறார்! எப்போது? பகல் பதினோரு மணிக்கு. பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் கூடாது. காலையில் கேட்டில் அணைத்துப் பெட்டியில் போட்டால் சாயங்காலம்தான் கைக்கு வரும். எங்கள் ஊர் விஸ்வநத்தத்தில் நேற்றுப் பிறந்த பிள்ளைக்கும் இது தெரியும். தெரிந்துதான் பதினோரு மணிக்குக் கூப்பிடுகிறார். சாயங்காலம் நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. கொஞ்ச நேரம் கழித்து வாட்ஸப்பில் அவர் குரல் வருகிறது: "ஏம்மா, கூப்ட்டேன், நீங்கதான் எடுக்கல. அப்பறம் அண்ணாச்சி கண்டுக்கிறலன்னு சொல்லக் கூடாது."

பழி என் மேல். கெட்டிக்காரர்.

செப். 10, வியாழன்

வேனை விட்டு முன்னாடியே இறங்கி அண்ணாச்சியைத் தேடிப் போனேன். ஜெராக்ஸ் கடையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அதுதான் ஆபீஸ். என்னைப் பார்த்ததும் போனைக் காதில் வைத்துக்கொண்டார். போன் அடித்த மாதிரித் தெரியவில்லை.

காத்திருந்தேன். பேசினார். சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "வாங்க, சாப்ட்டீகளா?"

சாப்பாட்டுக்கா வந்தேன். "அந்தக் கதவு அண்ணாச்சி."

"பாத்துக்கிறலாம். சீசன்ல ஆசாரி எங்கன கெடைக்கான்?"

"நானே ஆசாரியக் கூட்டிட்டு வந்து பண்ணிக்கிறட்டுமா?"

முகம் மாறிவிட்டது. "அதெல்லாம் நெலையில கை வைக்காதீக. ஓனர் சத்தம் போடுவாரு. அப்பறம் நான் பொறுப்பில்ல."

"ஓனர் நம்பரக் குடுங்க, நானே பேசுறேன்."

"அவரு பெரிய மனுசன். இதுக்கெல்லாம் அவரத் தொந்தரவு பண்ணவா?"

அவரும் செய்ய மாட்டார், என்னையும் செய்ய விட மாட்டார். திரும்பி நடந்து வரும்போது அழுகை வந்தது. ரோட்டில் அழுதால் நன்றாக இருக்காது என்று அடக்கிக்கொண்டேன்.

இப்போதைக்கு ஏற்பாடு: அம்மிக்கல் கதவடியில். அதன்மேல் அரிசி டிரம். மகாவும் நானும் சேர்ந்து நகர்த்தினோம். மூச்சு வாங்கியது. "இப்ப வரட்டும் பாப்பம்" என்று மகா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். திங்களுக்குப் பிறகு இன்றுதான் சிரித்தாள்.

செப். 13, ஞாயிறு

துவைத்தது: ஆறு சேலை, அவள் யூனிபார்ம், போர்வை. தலைவலி மாத்திரை வாங்கணும்.

மகா அப்பா போன். பின்னால் லாரிச் சத்தம், ஒன்றும் காதில் விழவில்லை. "வேற வீடு பாத்துருவமா?" என்கிறார். எங்கே பார்ப்பது. சீசனில் வெளியூர் ஆட்கள் வந்து எல்லா அறையும் நிரம்பிவிட்டது. கம்பெனி வேன் நிற்கும் இடம் இதுதான். மகாவுக்குக் காலாண்டுப் பரீட்சை. அதோடு இந்தப் பக்கம் காலியாகும் எந்த வீடும் தங்கப்பாண்டி அண்ணாச்சி கை வழியாகத்தான் வரணும். அவரிடம் சண்டை போட்டுவிட்டு அவரிடமே போய் நிற்பதா.

"நீ அவருகிட்டப் பதமாப் பேசு" என்று வைத்துவிட்டார். பதமாகத்தான் பேசுகிறேன். பதமாகப் பேசிப் பேசி வாய் புளித்துவிட்டது.

செப். 15, செவ்வாய்

வேனிலிருந்து இறங்கும்போதே பார்த்துவிட்டேன். வீட்டு வாசலில் லோடு ஆட்டோ, பக்கத்தில் அண்ணாச்சி. சந்தோஷமாகிவிட்டது. ஆசாரியோடு வந்துவிட்டார் என்று ஓட்டமாக ஓடினேன். வெட்கங்கெட்ட சந்தோஷம்.

ஆசாரி இல்லை. வாசலை ஒட்டி ஒரு அறை பூட்டியே கிடக்கும். ஓனர் சாமான் இருக்கிறது, சாவி அண்ணாச்சியிடம். நாங்கள் படுக்கிற அறைக்கும் அதற்கும் ஒரே சுவர். அந்த அறையைத் திறந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அட்டைப்பெட்டி. கம்பெனிப் பெயர் இல்லை, லேபிள் இல்லை, வெறும் பழுப்பு டேப்.

"என்ன அண்ணாச்சி இது?"

"காலிப் பெட்டி. ஓனருக்குத் தெரிஞ்சவுக வச்சுக்கிறச் சொன்னாக."

காலிப் பெட்டியை யாரும் இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்க மாட்டார்கள். இறக்கும்போது மெள்ள வைக்க மாட்டார்கள். நான் பேக்கிங்கில்தான் இருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னிருந்தே இதே வேலை. அந்தப் பட்டாசு மருந்து வாடை என் சேலையில் வருவது போதாதென்று இப்போது வீட்டுச் சுவரிலும் வருகிறது. லைசென்ஸ் இல்லாமல் எங்கேயோ செய்த சரக்கு. தீபாவளி வரை ஒளித்து வைக்க ஒரு இடம் வேண்டும், அது எங்கள் வீடு.

"நாளைக்கே கதவுக்கு ஆள் அனுப்புறேன்" என்றார் நான் கேட்காமலே.

மகாவிடம் சொல்லவில்லை. பரீட்சை நேரம்.

செப். 16, புதன்

கம்பெனியில் ஒரு ரூமுக்கு இத்தனை பேர்தான், அதற்கு மேல் ஒருவரும் கூடாது. எல்லாப் பக்கமும் வாசல். கதவு வெளிப்பக்கம்தான் திறக்கணும். தாழ்ப்பாள் என்ற சாமானே எங்கள் ரூமில் கிடையாது. வாசலில் ஒரு செருப்புக் கிடந்தாலும் போர்மேன் கத்துவார், "ஓடணும்னா எங்கிட்டு ஓடுவ?" என்று. எனக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் முதலில் வாசல் எத்தனை என்றுதான் கண் போகும்.

வீட்டுக்கு வந்ததும் அரிசி டிரம்மை இறக்கி, அம்மிக்கல்லை இழுத்து ஓரமாகத் தள்ளினேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. வாசலடியில் கல் கிடக்கலாமா.

மகா பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள். "எதுக்கும்மா எடுத்த? மறுபடி வந்தான்னா?"

"வர மாட்டான்."

"ஒனக்கெப்படித் தெரியும்? நீயா இங்கன தனியா இருக்க?"

மறுபடி அவளே தனியாகக் கல்லைத் தள்ளப் பார்த்தாள். முடியவில்லை. நானும் கை கொடுத்தேன். அவள் தூங்கினபிறகு எடுத்துவிட்டேன். காலையில் அவள் எழும் முன் திரும்ப வைக்கணும். இப்படியே எத்தனை நாள் அம்மிக்கல் தூக்குவது. இடுப்பு விட்டுப்போகிறது.

திருடனுக்குப் பயந்தால் கல் வைக்கணும். பெட்டிக்குப் பயந்தால் கல் எடுக்கணும்.

செப். 17, வியாழன்

காய்கறி: கத்தரி, முருங்கை. தேங்காய் மறந்துவிட்டேன்.

போலீசில் சொல்லிவிடலாமா என்று பாப்பாத்தி அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். அக்கா பட்டாசுக்குக் காகிதக் குழாய் ஒட்டிக்கொண்டிருந்தாள், பசைக் கையோடு என் வாயைப் பொத்தினாள்.

"ஏத்தா, கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? பெட்டி யாரு வீட்ல இருக்கு?"

"சாவி அவருகிட்டல்ல இருக்கு."

"அதச் சொல்ல ஒன்னையத் தவிர யாரு இருக்கா? அவரு எனக்குத் தெரியவே தெரியாதும்பாரு. குடியிருக்கது நீ. ஒன்னையத்தான் கேப்பாக."

"ஒனக்குத் தெரியுமாக்கா, அதுல என்னன்னு?"

அக்கா அடுத்த குழாயை எடுத்து ஒட்டினாள். இந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்ல மாட்டார்கள். நானும்தான் சொல்லவில்லை. ஊரைக் குற்றம் சொல்ல எனக்கென்ன யோக்கியதை.

அண்ணாச்சிக்குப் பேசி அனுப்பினேன்: "அந்தப் பெட்டிகள வேற எடத்துக்கு மாத்திருங்க அண்ணாச்சி. கதவு ரிப்பேரு மெதுவாப் பண்ணிக்கிறலாம்." ஒரு டிக். இரண்டாவது விழவே இல்லை.

செப். 19, சனி

புரட்டாசி முதல் சனி. கம்பெனியில் பொங்கல் கொடுத்தார்கள். மகாவுக்கு இலையில் கட்டிக்கொண்டு வந்தேன். இன்னும் அப்படியே இருக்கிறது.

தெருமுனையிலேயே மகா ஓடி வந்தாள். டியூஷன் முடிந்து வந்திருக்கிறாள். முகமெல்லாம் சிரிப்பு. "ம்மா, கதவு சரியாயிருச்சு! அண்ணாச்சி ஆள் விட்டுட்டாக!"

போய்ப் பார்த்தேன். பின்கதவின் வெளிப்பக்கம் குறுக்கே இரண்டு இரும்புப் பட்டை, கதவோடு போல்ட் போட்டு. சுவரில் கம்பி இறக்கி, அதோடு வெல்டிங் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். கதவு இனித் திறக்காது. திருடனுக்கும் திறக்காது, எங்களுக்கும் திறக்காது.

வெல்டிங். அந்த அறைக்குச் சுவரோடு சுவராக இருக்கிற வீட்டில்.

பாப்பாத்தி அக்கா: "நான் வெளியவே வரலத்தா. பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு மடத்துப் பக்கம் போயிட்டேன். ஓட்டு மேலயெல்லாம் பொறி தெறிச்சுச்சு. சொல்லிப் பாத்தேன், அந்த வெல்டிங்காரன் அண்ணாச்சி சொன்னதத்தான செய்யுதேங்கான்."

படியில் உட்கார்ந்து போன் போட்டேன். அதிசயம், முதல் மணியிலேயே எடுத்தார்.

"பாத்தீகளா? இனி ஒரு பய வர முடியாது."

"கதவையே மூடிட்டீகளே அண்ணாச்சி."

"நீங்கதானம்மா சொன்னீக, ஒரு பய தொறக்க முடியாதபடி பண்ணுங்கன்னு. ஒங்க வாய்ஸ் எங்கிட்டத்தான் இருக்கு. போட்டுக் காட்டவா?"

"அது பெட்டி வர்றதுக்கு முன்னாடி சொன்னது. இப்ப ஏதாவது ஒண்ணுன்னா நாங்க எங்கிட்டுப் போவோம்?"

"முன்வாசல் இருக்குல்ல."

முன்வாசலுக்குப் பக்கத்தில்தானே அந்த அறை. முன்வாசலுக்குப் போகணும் என்றால் அதைத் தாண்டித்தான் போகணும். அதைச் சொல்ல வாயெடுத்தேன். "ஒங்களுக்கு நல்லது பண்ணாலும் கொறதான்" என்று வைத்துவிட்டார்.

நல்லதுதான் பண்ணியிருக்கிறார். அப்படித்தான் நினைக்கிறார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு கெட்டவன் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆறிவிடலாம்.

மகா இன்று கல் இல்லாமல் தூங்குகிறாள். நிம்மதியாக.

செப். 20, ஞாயிறு

பாத்ரூம் போக வீட்டைச் சுற்றிப் போகணும். வாளி, சோப்பு, மாற்றுத்துணி எல்லாம் தூக்கிக்கொண்டு தெருவழியாக. பக்கத்துவீட்டு ஆம்பளை பல் தேய்த்துக்கொண்டு நின்றான். நான் ஈரத்தலையோடு ஊர்வலம்.

பட்டையை அசைத்துப் பார்த்தேன். அரிவாளை உள்ளே விட்டு நெம்பிப் பார்த்தேன். அரிவாள்தான் வளைந்தது. கரையான் தின்ற நிலைக்கு இந்தக் கட்டு. வெளிப்பக்கம் ஒரு இம்மி நகரவில்லை.

மகா அப்பா: "சீசன் முடியட்டும், வந்து பாத்துக்கிறேன்." சீசன் முடிந்தால் பெட்டியும் போய்விடும். அதுவரைக்கும்தான் எனக்குப் பயமே. இதை அவரிடம் விளக்கப் பார்த்தேன். டவர் போய்விட்டது.

செப். 21, திங்கள்

வேலையில் கவனம் இல்லை. இரண்டு தடவை பெட்டிக்கு லேபிளை மாற்றி ஒட்டிவிட்டேன். போர்மேன் ஒரு பார்வை பார்த்தார்.

வீட்டுக்கு வந்தால் மகா முன்கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு படிக்கிறாள். தட்டினேன். "இரும்மா, இரும்மா" என்கிறாள். மேல்தாழ்ப்பாள் துருப்பிடித்தது, எனக்கே எளிதில் வராது. அவள் ஸ்டூலைப் போட்டு ஏறி, இழுத்து, அடித்து... நான் வெளியே நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் அந்த அறையின் பூட்டு. கதவு திறந்ததும் உள்ளே போகாமல் அப்படியே திரும்பினேன்.

பாப்பாத்தி அக்காவிடம் திருப்புளி வாங்கி வந்து முன்கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். மேலது, நடுவது, இரண்டும். கதவையும் திறந்து வைத்தேன்.

மகா பேயைப் பார்த்த மாதிரி பார்த்தாள். "என்னம்மா பண்ற? தாழ்ப்பாள் வேணும்னுதான இம்புட்டு நாள் அவருகூட மல்லுக்கட்டுன?"

"ஆமா."

"அப்ப இது எதுக்கு?"

சொல்ல வேண்டியதாகிவிட்டது. பெட்டியில் என்ன இருக்கிறது என்று சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. சுவரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அந்தச் சுவரோரம் வைத்திருந்த தன் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து இந்தப் பக்கம் அடுக்கினாள். ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

செப். 22, செவ்வாய், காலை

தூறல். இன்று வேலை இருக்குமோ என்னவோ. வேன் வரும் என்றார்கள்.

இன்று மகாவுக்குக் கணக்குப் பரீட்சை. சோறு கட்டியாச்சு. தலை பின்னியாச்சு. கதவுக்கு வெளியே பூட்டு மட்டும்தான்.

"ஸ்கூல் விட்டதும் பாப்பாத்தி அக்கா வாசல்ல உக்காரு. நம்ம வீட்டுக்குள்ள போகாத. நான் வந்தப்பறம் போவோம்."

"புஸ்தகம் எடுக்கணும்னா?"

"இப்பவே எடுத்துக்கோ."

"மழை பெஞ்சா?"

"நனைஞ்சுக்கோ."

வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டாள். எப்போதும் அவள் பையில்தான் இருக்கும். "அப்ப இது எனக்கு எதுக்கும்மா" என்றாள்.

வேன் ஹாரன்.